மார்ச் ஒன்பதாம் தேதிக் கையெழுத்து

க்ரைன் மல்யார்ஸ் பதவி விலகிய அந்த மே மாதத்து வியாழக்கிழமையை ஹேக் நகரத்து அரசியல்காரர்கள் வெகுநாள் மறக்கவில்லை. நாடாளுமன்றத்தில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவர். நீர்த்துறைக்குத் துணை அமைச்சராகி இரண்டு வருடம்கூட நிறையவில்லை. அன்று எழுந்து நின்றவர் கையில் காகிதம் எதுவும் இல்லை. பக்கத்து நாட்டுத் துறைமுகத்துக்குப் போகும் கப்பல் பாதையை ஆழப்படுத்துகிறார்கள், அதில் அழியும் சேற்று நிலங்களுக்கு ஈடாக ஸீலாந்து மாகாணத்தில் வீர்ஹூக் என்கிற ஊரின் வயல்களைக் கடலுக்குத் திறந்துவிடச் சொல்கிறார்கள், அது தான் பிறந்த ஊர், அந்த உத்தரவில் தன் கை கையெழுத்துப் போடாது என்றார். அவ்வளவுதான். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கையெழுத்தை அவர் ஏற்கெனவே போட்டுவிட்டார். அது அந்த அவையில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் கட்சித் தலைவர். இன்னொருவர் க்ரைன்.

மார்ச் ஒன்பதாம் தேதி, தலைவரின் அறையில், ஜன்னலுக்கு வெளியே ஆலங்கட்டி மழை அடித்துக்கொண்டிருந்தபோது நடந்த காரியம் அது. பக்கத்து நாட்டுக்காரர்கள் வாய்வார்த்தையை நம்பத் தயாராக இல்லை. பொறுப்பான அமைச்சரின் ஒப்புதல் தாளை அந்த மாதமே கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். தாள் கோப்புக்குள் பூட்டியே இருக்கும், ஊருக்குத் தெரியப்போகிற உத்தரவு ஜூன் மாதம்தான் வரும், அதில் அடுத்து வருகிற ஆளின் பெயர் இருக்கும் என்று தலைவர் சொன்னார். "நீ இதுல போட்டுட்டு, மே மாசம் கௌரவமா வெளிய போயிடு. உன் ஊர்ல நீ தலை நிமிர்ந்து நடக்கலாம். ஜெனீவாவுல உனக்கு ஒரு இடம் பேசி வெச்சிருக்கேன்" என்று பேனாவைத் திருகித் திறந்து கொடுத்தார்.

க்ரைனுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. தான் மறுத்தால் வேறொருவன் போடுவான், வயல்கள் எப்படியும் போய்விடும் என்று அவர் நினைத்தார். அது உண்மையும்கூட. ஆனால் அந்த நேரத்தில் அவருடைய மனதில் பெரிதாக நின்றது வயலும் அல்ல, கப்பலும் அல்ல. இந்தக் கட்டிடத்தை விட்டு எப்படியாவது, நல்ல பெயரோடு வெளியேறிவிட வேண்டும் என்பதுதான். அன்று மாலை மனைவி ஹெஸ்டரிடம் மட்டும் சொன்னார். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவள், அதிகம் பேசாதவள். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடிவைத்துவிட்டு, "ஈமனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இல்லை என்றார். அவள் விடைத்தாளை மறுபடி விரித்தாள்.

ஈமன் அவருடைய அண்ணன். ஐம்பத்து மூன்றாம் வருடத்து வெள்ளம் வீர்ஹூக்கை விழுங்கியபோது ஈமனுக்கு ஒன்பது வயது, க்ரைனுக்கு நாலு. அப்பா பசுக்களை அவிழ்த்துவிடப் போனவர் திரும்பவில்லை. ஒன்றரை நாள் கூரை ஓட்டின் மேல், தம்பியைத் தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஈமன். அம்மா புகைபோக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். படகுக்காரர்கள் வந்தபோது அவனுடைய விரல்கள் விறைத்துப்போய், கோட்டைத் திறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. பிறகு உப்பேறிய நிலத்தை மறுபடி விளைய வைக்க அம்மாவும் ஈமனும் எட்டு வருடம் பாடுபட்டார்கள். க்ரைன் லைடன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். அண்ணன் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. தம்பியைச் 'சின்னவனே' என்றுதான் கூப்பிடுவார். அமைச்சரான பிறகும் அப்படித்தான்.

க்ரைன் விலகிய செய்தி வந்த அன்று ஈமன் தொலைபேசியில் கூப்பிட்டார். "நிலம் போனா போகுது. நீ போடலல்ல, அது போதும் எனக்கு" என்றார். க்ரைன் ஒன்றும் சொல்லாமல் நின்றார். அண்ணன் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு வார்த்தை தேறுதலும் சொன்னார்.

அடுத்த வருடங்களில் ஊர் காலியானது. இரண்டாயிரத்து எட்டில் பழைய அணைக்கரையை இயந்திரங்கள் உடைத்தன. ஈமனும் அவருடைய மனைவி பீட்டர்நெல்லாவும் ஹூஸ் நகரத்தில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிபோனார்கள். முன்பக்கம் ஒரு ஜன்னல், பின்பக்கம் துணி காயப்போடும் அளவுக்கு முற்றம். ஈமன் நெல்லா என்று கூப்பிட்ட பீட்டர்நெல்லா அந்த வீட்டில் இரண்டு குளிர்காலம்தான் உயிரோடு இருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் ஈமன் ஒரே கதையைச் சொன்னார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், என் தம்பி போடவில்லை என்பதுதான் அந்தக் கதை. செய்தித்தாளில் வந்த க்ரைனின் படத்தைச் சட்டம் போட்டு, கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருந்தார்.

க்ரைனுக்கு ஜெனீவாவில் வேலை நன்றாகவே வந்தது. உலக அமைப்பு ஒன்றின் தூதராகச் சண்டை ஓயாத இடங்களுக்கு அவரை அனுப்பினார்கள். கோபக்காரர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க அவருக்கு இயல்பாகவே பொறுமை இருந்தது. எந்தச் சொல்லில் இரண்டு தரப்பும் தலையாட்டும் என்று தேடிப் பிடிப்பதில் அவருக்கு நிகர் இல்லை. இவையெல்லாம் இருந்தும், மேசைக்கு வருகிறவர்கள் முதலில் நம்பியது வேறொன்றை. 'இவர் சொந்த ஊருக்காக மந்திரிப் பதவியை விட்டவர்' என்று ஒருவருக்கொருவர் காதில் சொல்லிக்கொள்வார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் அதை அறிமுக வாசகமாகவே வைத்திருந்தார்கள். முதல் வருடம் அதைக் கேட்கும்போதெல்லாம் க்ரைனின் முகம் சுண்டிப்போகும். மூன்றாம் வருடம் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார். பேச்சு முறியப்போகிற நேரத்தில், தன் ஊரின் மேல் தண்ணீர் ஏறிய கதையைத் தணிந்த குரலில் சொல்வார். அறை அமைதியாகிவிடும்.

கருங்கடலுக்குக் கிழக்கே ஒரு சின்ன நாட்டில், இரண்டு படைகளுக்கு நடுவே கெல்தா என்று ஒரு மலைக்கிராமம் மாட்டிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களை வெளியேற்றினால்தான் போர்நிறுத்தம் நிற்கும் என்று இரண்டு படைகளும் சொல்லின. கண்ணிவெடிகளை அகற்ற ஆறு மாதம், அதன்பின் மக்கள் திரும்பலாம் என்று பேச்சு. ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதியிருந்தது, திரும்பும் தேதியைத் தவிர. அந்த இடத்தைக் காலியாக விட்டால்தான் இரண்டு தரப்பும் கையெழுத்திடும் என்று க்ரைனே யோசனை சொல்லி, 'பின்னர் தீர்மானிக்கப்படும்' என்று வரைந்திருந்தார்.

ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். அவர்களுக்காகப் பேசியவள் தமுனா. அந்த ஊரின் ஒரே நர்ஸ். நாற்பது வயதிருக்கும், கம்பளிச் சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்து விட்டிருந்தாள். மொழிபெயர்ப்பாளர் அவளுடைய பேச்சைச் சொல்லச் சொல்ல, அவள் க்ரைனின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஐயா, உங்க ஜனத்த வெளிய அனுப்ப மாட்டேன்னு வேலைய விட்டவர் நீங்கன்னு சொல்றாங்க. படைக்காரங்க பேச்ச நாங்க நம்பல. நீங்க சொல்லுங்க. ஆறு மாசத்துல திரும்பி வருவமா?"

க்ரைன் ஆறு மாதம் என்றார்.

மறுநாள் பேருந்துகள் வந்தன. தமுனா வீடு வீடாகப் போய்ப் பிடிவாதம் பிடித்தவர்களைக் கிளப்பினாள். அந்த ஊரின் மேல் பிறகு ஒரு படைமுகாம் எழுந்தது. மக்கள் சமவெளியில் தகரப் பெட்டி வீடுகளில் தங்கினார்கள். முதல் குளிரில் பதினாலு பேர் இறந்துபோனார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். போர்நிறுத்தம் என்னவோ நின்றது. அதற்காக க்ரைனுக்கு ஒரு பதக்கமும் கிடைத்தது.

ஐந்து வருடம் கழித்து, ஓய்வு பெறுவதற்கு முந்தைய பிப்ரவரியில், அவர் அந்தக் குடியிருப்புக்குப் போனார். போக வேண்டிய அவசியமில்லை. மனசு கேட்கவில்லை. தமுனா தன் தகர வீட்டில் அவரை உட்கார வைத்து, வால்நட் போட்ட ரொட்டி கொடுத்தாள். தலை நரைத்திருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தார். அவளோ, இங்கே எல்லாரும் தன்னைத்தான் குறை சொல்கிறார்கள் என்றாள். வீடு வீடாக வந்து கிளப்பியவள் அவள்தானே.

"அவங்ககிட்ட நான் ஒண்ணுதான் சொல்றேன். அந்த மனுஷன் பொய் சொல்ற ஆள் இல்ல, அவரையும் ஏமாத்திட்டாங்கன்னு. அது சரிதானே ஐயா?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார். தகரத்தின் மேல் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. க்ரைன் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"சரிதான். என்னையும் ஏமாத்திட்டாங்க" என்றார்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டதை அவர் பார்த்தார். அந்த மூச்சு அவர் கூடவே வீடு வரை வந்தது.

ஓய்வு பெற்று ஹேக்கில் குடியேறிய முதல் கோடையில் அவர் அதிகம் பேசவில்லை. காலையில் கடற்கரை வரை நடப்பார், திரும்பி வருவார். செப்டம்பரில் ஒரு கடிதம் வந்தது. வீர்ஹூக்கின் பழைய குடிகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். மூழ்கிய வயல்களுக்கு இந்தப் பக்கம் கட்டிய புது அணைக்கரையின் மேல் நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதற்கு க்ரைன் மல்யார்ஸ் பாதை என்று பெயர் வைப்பதாகத் தீர்மானம். இருபதாம் தேதி சனிக்கிழமை காலை பலகையை அவரே வந்து திறந்து வைக்க வேண்டும். யோசனை சொன்னவர் ஈமன் மல்யார்ஸ் என்று கடைசி வரியில் இருந்தது.

அண்ணனிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று க்ரைன் ஹெஸ்டரிடம் சொன்னார். அவள் ஜன்னலோரம் நின்றபடி கடிதத்தை இரண்டாம் தரம் படித்தாள்.

"ஒன்பது வருஷமா உன் நெஞ்சுல கிடந்தது. அத இறக்கி வைக்க எழுபது வயசு ஆள்தான் கிடைச்சாரா உனக்கு?"

"தெரியாமலே சாகணுமா அவன்?"

"தெரிஞ்சு சாகறதால அவருக்கு என்ன ஆகப்போகுது? உனக்கு நல்லாத் தூக்கம் வரும், அவ்வளவுதான்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தும் அவர் பத்தொன்பதாம் தேதி மதியமே ஹூஸுக்கு ரயில் ஏறினார். ஹெஸ்டர் வரவில்லை.

ஈமன் சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துச் சாம்பல் நிற இறால், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். இருவருக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்று ஒரு கிலோ வாங்கி வைத்திருந்தார். தம்பியைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு காபி ஊற்றினார். நாளை போட வேண்டிய கோட்டு கதவில் தொங்கியது, துணிக்கடைப் பிளாஸ்டிக் உறைகூட எடுக்காமல். நாற்பது பேராவது வருவார்கள், காற்று மட்டும் அடங்கினால் போதும் என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனார். க்ரைனும் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். பத்துப் பதினைந்து உரித்தபின் சொன்னார்.

"ஈமன், அந்தக் கையெழுத்த நான் போட்டேன்."

"எந்தக் கையெழுத்து?"

"வீர்ஹூக் தாள். விலகறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். ஜூன்ல வந்த உத்தரவு சும்மா பேருக்கு. முடிஞ்சது என் கையாலதான்."

ஈமனின் விரல்கள் நிற்கவில்லை. தலையைக் கிள்ளி, ஓட்டைத் திருகி, சதையைக் கிண்ணத்தில் போட்டார். இன்னொன்றை எடுத்தார்.

"எப்ப?"

"மார்ச் ஒன்பது."

"என்ன கிழமை?"

"புதன்."

அப்போதுதான் ஈமன் கையை மேசை மேல் வைத்தார்.

"அந்த ஞாயித்துக்கிழமை உனக்கு போன் பண்ணினேன். பேரிக்காய்க் கன்னு வாங்கட்டுமா, இல்ல இந்த வருஷம் பொறுக்கட்டுமான்னு கேட்டேன். மேக்காலத் துண்டுல அறுநூறு கன்னு. நீ என்ன சொன்னே?"

க்ரைனுக்கு அது நினைவில் இருந்தது. ஒருநாளும் மறந்ததில்லை. பொறு என்று சொன்னால் அண்ணன் ஏன் என்று கேட்பார், கேட்டால் விஷயம் ஊருக்குள் கசியும், அதனால் சொன்ன பதில் அது.

"நடுன்னு சொன்னேன்."

"நடுன்னு சொன்னே" என்று ஈமன் திருப்பிச் சொன்னார். அவர் குரல் உயரவே இல்லை. "நெல்லா கயிறு பிடிச்சா, நான் குழி வெட்டினேன். பதினொரு நாள். அவளுக்கு அப்பவே இடுப்பு வலி. மூணு வருஷத்துல காய்க்கும்னு நான்தான் அவளத் தேத்தினேன். உப்புத் தண்ணி ஏறினப்ப இலை எல்லாம் ஓரம் கருகி நின்னுச்சு. காருக்குள்ள உட்கார்ந்து பார்த்தா. இறங்கல."

க்ரைன் மன்னிப்புக் கேட்டார். ஒரு வாழ்நாள் முழுக்கச் சொற்களைத் தேர்ந்தெடுத்து வாழ்ந்தவருக்கு அன்று ஒரு சொல்லும் ஒத்துழைக்கவில்லை. தலைவரைப் பற்றிச் சொன்னார், எப்படியும் போயிருக்கும் என்றார், பாதியில் அவருக்கே வெட்கமாகிப் பேச்சை நிறுத்தினார். நாளைக்கு மேடையில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், பலகை வேண்டாம் என்றார்.

ஈமன் இறால் ஓடுகளைச் செய்தித்தாளோடு சேர்த்துச் சுருட்டினார்.

"சொல்லக் கூடாது."

"ஈமன்..."

"நீ சொல்லிட்டு ரயிலேறிப் போயிடுவே. நான் இங்க இருக்கணும். ரொட்டிக்கடையில, சர்ச்சுல, முடிவெட்டற இடத்துல, எல்லார்கிட்டயும் ஒன்பது வருஷமா உன்னப் பத்திச் சொல்லிட்டுத் திரியறேன். நெல்லா கடைசி வாரம் என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? எல்லாம் போனாலும் நம்ம வீட்டுப் பேர் மிஞ்சுச்சுன்னு சொன்னா. அத நீ எடுத்துட்டுப் போகக் கூடாது. நாளைக்கு வா. பலகையத் திற. வாய மூடிட்டுப் போ."

இறாலை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தார். ராத்திரி சாப்பிடவில்லை. க்ரைனுக்கு மாடியில் படுக்கை விரித்திருந்தது. கீழே நாற்காலி நகரும் சத்தம்கூடக் கேட்காமல் வீடு கிடந்தது.

மறுநாள் காற்று அடங்கவில்லை. அணைக்கரையின் மேல் ஐம்பது பேர் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு பக்கம் மற்ற ஊர்களின் வயல்கள், கிழங்கு எடுத்த சேறு. இன்னொரு பக்கம் சேற்றுநீரும் உப்புப் புல்லும், தூரத்தில் கறுத்த குச்சிகளாக நின்ற மரங்களும். குழுத் தலைவர், முன்பு பால் சேகரித்தவர், நீளமாகப் பேசினார். க்ரைன் துணியை இழுத்தார். தன் பெயர் வெள்ளை எழுத்தில் தெரிந்தது. நன்றி என்று மட்டும் சொல்லி இறங்கினார். அவருடைய அடக்கத்தைக் கூட்டம் ரசித்தது.

அண்ணனும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஈமன் முதலில் தலையசைத்து மறுத்தார். பிறகு முன்னால் வந்தார். புதுக் கோட்டு தோளில் சற்றுப் பெரிதாக இருந்தது. பொய் பேசத் தெரியாத மனிதர். சந்தையில்கூடத் தன் கிழங்கில் இருக்கிற புள்ளியைத் தானே காட்டி விற்றவர். தம்பியைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துப் பேசினார்.

"எல்லாரும் போட்டாங்க. என் தம்பி போடல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

கை தட்டினார்கள். ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்து இறங்குவது அவருக்கு மட்டும் தெரிந்தது.

பிளாஸ்கிலிருந்து காபியும், சர்க்கரைப் பாகு ஊறிய ரொட்டிச் சுருளும் கொடுத்தார்கள். கூட்டத்துக்குள் ஈமனைத் தேடியபோது, அவர் பால்காரரின் காரில் கிளம்பிப் போய்விட்டார் என்றார்கள். க்ரைனின் பையை யாரோ ரயில் நிலையத்தில் கொண்டு வந்து வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகும் க்ரைன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டார். ஈமன் எடுப்பார். இங்கே மழை, அங்கே எப்படி என்பார். உடம்பு பரவாயில்லை என்பார். சரி க்ரைன், வைக்கிறேன் என்பார். ஒரு நிமிடத்துக்கு மேல் பேச்சு போகாது. குறை சொல்ல அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. அடுத்த வருடம் மார்ச்சில் அவர் மாரடைப்பில் போனார். சுவரில் படம் அப்படியேதான் மாட்டியிருந்தது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் அதைக் காட்டிக்காட்டி க்ரைனின் கையைப் பற்றிக் குலுக்கினார்கள்.

அடக்கம் முடிந்து வந்த வாரம் க்ரைன் தமுனாவுக்கு எழுத உட்கார்ந்தார். இந்த முறை ஹெஸ்டர் தடுக்கவில்லை. தன்னை யாரும் ஏமாற்றவில்லை, தேதியைக் காலியாக விட்டவன் நான்தான், உன் ஜனங்கள் உன்னைக் குறை சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டு என்று மூன்று பக்கம் எழுதினார். அவளுடைய மொழியில் பெயர்க்க ஆள் பிடித்து, இரண்டையும் சேர்த்து அனுப்பினார்.

ஏழு வாரம் கழித்து உறை திரும்பி வந்தது. முகவரியில் யாரும் இல்லை என்று முத்திரை. ஜெனீவா அலுவலகத்தைக் கேட்டார். அந்தக் குடியிருப்பைப் போன கோடையில் மூடிவிட்டார்கள், ஜனங்கள் பல பக்கம் சிதறிப் போய்விட்டார்கள் என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். யார் எங்கே போனார்கள் என்று பட்டியல் இருக்குமே என்று கேட்டார்.

"அப்படிப் பட்டியல் வெச்சுக்கணும்னு ஒப்பந்தத்துல இல்லீங்க ஐயா" என்றாள் அவள்.

அது அவருக்கும் தெரியும். நன்றி சொல்லி வைத்துவிட்டு, ஹெஸ்டர் மதியச் சூப்புக்குக் கூப்பிடும் வரை அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.